பின்தையலுக்குள் போன இரண்டு இஞ்ச்

என் அண்ணி அளவு எடுக்கும்போது பொய் சொல்வாள். நான் புறம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளும் குண்டூசியைப் பல்லில் கடித்தபடி சிரித்திருக்கிறாள்.

வாடிக்கையாளர் ஒருத்தி போன வருஷத்தைவிட இரண்டு இஞ்ச் பெருத்து வந்து நிற்பாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "அதே அளவுதான். துணிதான் துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிப்போச்சு" என்பாள். வந்தவளுக்கு முகம் பூரித்துப் போகும். அண்ணி புதுத் துணியைச் சத்தமில்லாமல் இரண்டு இஞ்ச் கூட்டி வெட்டுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். தெருவில் அவளுக்கு 'அதே அளவு' என்றே பட்டப்பெயர். அவள் சொன்ன பொய்யால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

பதினாறு வயதில் ஒரு பெரிய தையல் ஆலையில் சேர்ந்து, எட்டு வருஷம் காலர் மட்டுமே தைத்தவள் அவள். சட்டையின் மற்ற பாகங்களைப் பார்த்ததே இல்லை என்று வேடிக்கையாகச் சொல்வாள். பிறகு பழைய மெஷின் ஒன்றை வாங்கி, வாடகை அறையின் முன்பக்கத்தில் கடை போட்டாள். டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் யூனிஃபார்ம் தைக்க அங்கே போனான். அதே பேன்ட்டை மூன்று முறை ஆல்டரேஷனுக்கு எடுத்துப்போனான். பேன்ட்டில் ஒரு குறையும் இல்லை. நான்காம் முறை போனபோது அவளே, "இடுப்பு சரியாத்தான் இருக்கு. வேற ஏதாவது சொல்லணும்னா சொல்லிட்டுப் போங்க" என்றாளாம். இப்போது அவர்களுக்கு ஒரு மகள், வெளியூரில் வேலை. கடை இன்னமும் வீட்டின் முன்னறையில்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு நாக்கு நீளம், பொறுமை குட்டை. இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷக் கடைசியில் அண்ணனுக்கு இடது கால் வீங்க ஆரம்பித்தது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. முதலில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுவதால் என்றார்கள், அப்புறம் நரம்பு என்றார்கள். ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. இடுப்புக்குழிக்குள், பின்பக்கமாக, சதையில் முளைத்த ஒரு கட்டி. காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயையும் நரம்பையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அறுவை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நிறைய நேரம் பார்த்தார். "வெட்டினா கால் போகும். கால் போயும் கட்டி முழுசா வராது. நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன" என்று அண்ணன் வண்டியில் ஏறிச் சாய்ந்துகொண்டான்.

அண்ணி சாயவில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஏறாத மாடியெல்லாம் ஏறினாள். ஐந்தாவது டாக்டர்தான் துகள் கதிர் சிகிச்சை என்று ஒன்று இருப்பதைச் சொல்லி, அது நடக்கும் மையத்துக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். வீட்டிலிருந்து வண்டியில் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு நாலு நாள் வீதம் மொத்தம் பதினாறு சிட்டிங். வண்டி ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் நாள் அங்கிருந்த டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார். சாதாரணக் கதிர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடுமாம். வழியில் இருப்பதற்கெல்லாம் சூடுதான். இந்தத் துகள்கள் அப்படியில்லை. இத்தனை ஆழம் என்று கணக்குப் போட்டு அனுப்பினால் அங்கே போய்த் தன் பலத்தையெல்லாம் இறக்கிவிட்டு நின்றுவிடும். எனக்கு இது உடனே புரிந்தது. மூன்றாவது மாடி என்றால் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்க வேண்டும், அவ்வளவுதானே. இதில் அண்ணிக்குக் கட்டி சாகும் என்பது மட்டும் காதில் விழுந்தது. "உடம்பு இளைச்சா உடனே எங்ககிட்ட சொல்லணும்" என்று டாக்டரம்மா கடைசியில் சொன்னது எங்கள் மூவருக்குமே காதில் விழுந்தது. எல்லா டாக்டரும் சொல்வதுதானே, நல்லா சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க என்பதைப் போல என்று எடுத்துக்கொண்டோம்.

இனிமேல் சொல்லப்போவது எனக்கு அப்போது தெரியாது. பின்னால் அண்ணி வாயிலிருந்து கேட்டது.

எங்கள் அப்பா கடைசி வருஷத்தில் மெலிந்துகொண்டே போனார். பேன்ட் நிற்பதற்காகப் பெல்ட்டில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொள்வார். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஆணியைப் பிடித்துக்கொண்டவன் அண்ணன். ஐந்தாவது ஓட்டையோடு அப்பா போய்ச் சேர்ந்தார். இரண்டாவது சிட்டிங் முடிந்த மறுநாள் அண்ணன் குளித்துவிட்டுப் பேன்ட்டை மாட்டியபோது அது இடுப்பிலிருந்து வழுக்கியது. பெல்ட்டைக் கையில் எடுத்து ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "அஞ்சு வரைக்கும் டைம் இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

அவன் சாப்பிடாமல் கிடந்தால் நோய்க்கு முன்னால் பயமே ஆளைத் தின்றுவிடும் என்று அண்ணி நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பெல்ட்டின் பக்கிள் கட்டி மேல் அழுத்தும், வேண்டாம் என்று சொல்லி அதை எடுத்து ஒளித்துவைத்தாள். சிட்டிங் முடிந்து வந்து மதியம் அவன் அசந்து தூங்கும்போது, நாலு பேன்ட்டையும் பின்தையலில் பிளேடால் பிரித்தாள். அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்தாள். பழைய தையலின் தடம் தெரியாமல் ஈரத் துணி போட்டு இஸ்திரி தேய்த்தாள். மறுநாள் பேன்ட்டை மாட்டியவன், "இன்னைக்கு நிக்குதே" என்றான். "நேத்து துணி நைஞ்சிருந்துச்சு. இஸ்திரி போட்டா சரியாயிடும். நீங்க அதே அளவுதாங்க" என்றாள் அண்ணி. அன்று அவன் இரண்டு வேளை சாப்பிட்டான்.

அப்புறம் எங்கே நிறுத்துவது. அவன் தூங்கும்போது நாடாவைச் சுற்றி அளந்து பார்ப்பாள். தையல்காரர்கள் உட்காரும் பகுதியின் சுற்றளவைச் சீட் என்பார்கள். முதலில் அது முப்பத்தெட்டு இருந்தது. முப்பத்தேழரை ஆனது. முப்பத்தேழு ஆனது. ஒவ்வொரு முறையும் பிரிப்பாள், தைப்பாள், தேய்ப்பாள். மையத்தில் வாரம் ஒரு முறை நர்ஸ் எடை பார்த்து, "உடுப்பு தளர்ந்திருக்கா?" என்று கேட்பார். "இல்லைம்மா, கச்சிதமா இருக்கு" என்று அண்ணன் மனசாரச் சொல்வான். எடை முள்ளும் அதே இடத்தில்தான் நின்றது, ஏனென்றால் இடுப்பில் குறைந்ததெல்லாம் வீங்கிய காலில் நீராக ஏறியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் அண்ணி மறைத்தாள். அதுவும் மெஷின் தையலில்.

ஏழாவது சிட்டிங் அன்று அண்ணனை உள்ளே அழைத்துப்போய்விட்டார்கள். உடுப்பை மாற்றி, அவன் உடம்புக்கென்றே செய்த அச்சு மெத்தையில் படுக்கவைத்து, தோலில் குத்திய புள்ளிகளை வெளிச்சக் கோட்டோடு பொருத்தி, எக்ஸ்ரே எடுத்து எலும்பைச் சரிபார்ப்பார்கள். இதற்கே இருபது நிமிஷம் ஆகும். கதிர் பாய்வது இரண்டு நிமிஷம்தான். அது பாயும்போது கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். அண்ணி எப்போதும் அந்த விளக்கைப் பார்த்தபடி இருக்கிற நாற்காலியில்தான் உட்காருவாள்.

அன்று பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், தன் அப்பாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் தினமும் பார்க்கும் முகம். "என்னம்மா, அப்பாவுக்கு முடிஞ்சிடுச்சா?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்லைக்கா. இன்னைக்கு நிறுத்திட்டாங்க. அப்பா இளைச்சுட்டாராம். மறுபடி ஸ்கேன் எடுத்து, பிளான் போட்டுத்தான் குடுப்பாங்களாம்."

"இளைச்சா சத்துக்கு ஏதாவது குடுக்கட்டுமே. எதுக்கு நிறுத்தணும்?"

அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத்தான் நாக்கு நீளமாயிற்றே. "அண்ணி, இது ஆழக் கணக்கு. பின்பக்கத் தோல்ல இருந்து கட்டி இத்தனை சென்டிமீட்டர்னு வச்சு அனுப்புறாங்க. நடுவுல இருக்கிற சதை கரைஞ்சு போச்சுன்னா கட்டி தோலுக்குக் கிட்ட வந்துடும். துகளுக்கு அது தெரியாது. சொன்ன தூரம் போய்த்தான் நிக்கும். கட்டியத் தாண்டிப் போயிடும்" என்றேன்.

"தாண்டினா அங்க என்ன இருக்கு?"

"அண்ணனுக்கா? குடல் இருக்கு."

நான் பெரிய மேதாவி மாதிரி லிஃப்ட் உதாரணத்தை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி நாற்காலியில் இல்லை. கண்ட்ரோல் ரூம் கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். வெளியாள் அந்தக் கதவைத் தொடக்கூடாது என்று பெரிதாக எழுதியிருக்கும்.

டெக்னீஷியன் தலையை நீட்டினான். எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறவன்.

"தம்பி, ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்மா. நீங்க போய் உட்காருங்க."

"ஆரம்பிக்காதீங்க. அவர் இளைச்சிருக்கார். ரெண்டு இஞ்ச்."

"எடை அதேதானேம்மா இருக்கு."

"எடை காலுக்குப் போயிருக்கு. சீட் முப்பத்தெட்டு இருந்துச்சு. நேத்து மத்தியானம் முப்பத்தாறு. நான் கையால அளந்தேன்."

"பேன்ட் கச்சிதமா இருக்குன்னு அவரே சொன்னாரே."

"அது நான் தைச்சது" என்றாள்.

அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. உள்ளே திரும்பி யாரிடமோ, "நிறுத்துங்க, பீம் போடாதீங்க" என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. இத்தனை நாள் ஒரே வண்டியில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். அண்ணன் மெலிந்தது என் கண்ணில் படவே இல்லை. அவன் பேன்ட்டைப் பார்த்து, ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அண்ணனைச் சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேன்ட்டை மாட்டியிருந்தான். "என்ன, மெஷின் ரிப்பேரா?" என்றான். டெக்னீஷியன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். அண்ணிதான் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க இளைச்சிருக்கீங்க. ரெண்டு இஞ்ச். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நாலு பேன்ட்டையும் பிடிச்சுத் தைச்சேன். அது கதிருக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியலை."

அண்ணன் கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புத் தையலைத் தடவிப் பார்த்தான். விரலுக்குத் தடித்த மடிப்பு தட்டுப்பட்டிருக்க வேண்டும். கையை எடுக்கவே இல்லை.

"என் உடம்பு எப்படி இருக்குன்னு ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியக்கூடாதா" என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். ஆழக் கணக்குப் போடுகிற ஃபிசிசிஸ்ட் ஒரு சின்னப் பெண். நான் அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர் வைத்திருந்தேன். கணக்கம்மா கம்ப்யூட்டரில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். அண்ணனின் உடம்புக் கோடு உள்வாங்கியிருந்தது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

"சுத்தளவுல ரெண்டு இஞ்ச்னா ஒரு பக்கம் கிட்டத்தட்ட எட்டு மில்லிமீட்டர். முன்னே பின்னே போனாலும் பரவாயில்லைன்னு நாங்க விட்டு வச்சது அஞ்சு. முதல் மூணு சிட்டிங் சரியா விழுந்திருக்கு. அடுத்த மூணுல கொஞ்சம் கொஞ்சமா தாண்டியிருக்கு. கடைசியா மூணு மில்லிமீட்டர் வரைக்கும் குடல் சுவர்ல பட்டிருக்கலாம்."

"பட்டா என்ன ஆகும்?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். புண்ணாகவும் ஆகலாம். ஆறு மாசம் போனாத்தான் தெரியும்."

டாக்டரம்மா திட்டவில்லை. எடையை மட்டும் நம்பியது தங்கள் தப்பும்தான் என்றார். மூன்றாவது வாரத்தில்தான் அடுத்த ஸ்கேன், அதற்குள் இன்னும் மூன்று சிட்டிங் இப்படியே போயிருக்கும் என்றார். புதுப் பிளான் போட ஐந்து நாள் ஆகும். அதன் பிறகு தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் சீட் அளவு எடுத்துப் போனில் சொல்ல வேண்டும். கால் இஞ்ச் குறைந்தாலும் சொல்ல வேண்டும், சொன்னால் ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் படுக்கவைப்பார்கள், தேவைப்பட்டால் மறுபடியும் தள்ளிப்போகும்.

"தள்ளித் தள்ளிப் போனா கட்டி சும்மா இருக்குமா?" என்று நான் கேட்டேன்.

"ரொம்பத் தள்ளக்கூடாது. ஆனா தப்பான ஆழத்துக்குக் குடுக்கிறதுக்குப் பதிலா குடுக்காமலே இருக்கலாம்" என்றார்.

அந்த ஐந்து நாளும் வீட்டில் நெருப்பின் மேல் நடப்பது போல இருந்தது. கட்டி வளர்கிறதோ, குடலில் என்ன நடக்கிறதோ என்று ஒவ்வொருவரும் தனித்தனியே பயந்துகொண்டிருந்தோம். அண்ணன் வயிற்றைப் பிடித்தால் அண்ணி ஓடி வந்து நிற்பாள். அவன் இருமினால்கூட மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். அவன் அவளோடு பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் என் வழியாகவே பேசினான்.

"உங்க அண்ணிகிட்ட சொல்லு, தண்ணி வேணும்னு."

அண்ணி இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். "அண்ணி, தண்ணி வேணுமாம்" என்பேன். அவள் கொண்டுவந்து வைப்பாள். இப்படி ஒரு நாள் முழுக்க நடந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் லிஃப்ட் மெக்கானிக்தான், லிஃப்ட் இல்லை. மேலயும் கீழயும் போய்க்கிட்டிருக்க என்னால முடியாது" என்றேன். அண்ணி லேசாகச் சிரித்தாள். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் சமையலறையில் அண்ணி என்னிடம் மட்டும் பேசினாள். "தம்பி, என் கையால மூணு மில்லிமீட்டர் அவர் குடலைச் சுட்டுட்டேன். கத்தரிக்கோல் தப்பினா துணிதான் வீணாகும், வேற துணி வாங்கலாம்" என்றாள். நான் பாத்திரத்தைத் துடைத்து வைத்தேன். அவள் நாலு பேன்ட்டின் பின்தையலையும் மறுபடி பிரித்து முன்பு இருந்தபடியே விட்டுவிட்டாள். அண்ணன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு, பேன்ட் தொளதொளவென்று தொங்க நடந்தான். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தொங்கல் உண்மையாக இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் புதுப் பிளான் தயார் என்று போன் வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்னறையில் அண்ணி மெஷின் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். நாடாவைக் கையில் எடுக்கிறாள், வைக்கிறாள். நர்ஸோ நானோ அளந்தால் போதும் என்று அவன் சொல்லிவிடுவான் என்று பயந்தாள் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

அண்ணன் உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். வீங்கிய காலை இழுத்து வைத்து அவள் முன்னால் நின்றான். இரண்டு கையையும் தூக்கினான்.

"அள" என்றான்.

ஆறு நாளில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவள் முழங்காலிட்டு நாடாவைப் பின்னால் சுற்றி முன்னே கொண்டுவந்தாள். இறுக்காமல், தளர்த்தாமல் சேர்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரித்துவிட்டு இரண்டாம் முறை சுற்றினாள். பெருவிரல் நகம் நாடாவில் ஓர் இடத்தில் அழுந்தி வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். புதுப் பிளான் போட்டது முப்பத்தாறுக்கு. முப்பத்தாறு என்று சொன்னால் அன்றைக்கே சிட்டிங் நடந்துவிடும். அண்ணன் அவள் தலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு?"

"முப்பத்தஞ்சே முக்கால்" என்றாள் அண்ணி. "கால் இஞ்ச் குறைஞ்சிருக்குங்க."

நான் அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவன் குனிந்து நாடாவைப் பார்த்து உறுதி செய்துகொள்வான் என்று நினைத்தேன். எந்த மனுஷனும் செய்வான்.

அவன் குனியவில்லை.

"போன் போட்டு முப்பத்தஞ்சே முக்கால்னு சொல்லிடுடா. சொல்லிட்டு வண்டிய எடு" என்றான். அப்புறம் கையைக் கீழே இறக்கி, அவள் எழுந்திருப்பதற்காக நீட்டினான்.